சித்தூர் யார்டு வரைக்கும் சி பிளஸ் பிளஸ்

கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு அந்த மொழி முழுக்கத் தெரியும் என்று வெளியே இருப்பவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே இருக்கிற நாம் அந்த நினைப்பைக் கலைக்காமல், முகத்தை மட்டும் கொஞ்சம் இறுக்கமாக வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டுகிறோம். இதைப் படிக்கிற நீங்களும் அந்தக் கூட்டத்தில் ஒருவர் என்றால் சற்றுத் தள்ளி உட்காருங்கள், நானும் வந்துவிட்டேன்.

வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருப்பதியில் அலிபிரி போகிற ரோட்டில், ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். முதலாளி பாஸ்கர் சார். லாட்ஜுகளுக்கு ரூம் புக்கிங் புரோகிராம் எழுதுகிறவள் ஹரிதா. சித்தூர் பக்கத்தில் ஒரு மாங்கூழ் ஃபேக்டரிக்குப் புரோகிராம் எழுதியவன் பிரதாப். மாங்காய் ஏற்றி வருகிற லாரிக்கும் டிராக்டருக்கும் டோக்கன் கொடுத்து, முறைப்படி கூப்பிட்டு, எடை போட்டு உள்ளே அனுப்புகிற புரோகிராம் அது. யாருக்காவது எது நின்றாலும் போனை எடுத்து, "சார், ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று சொல்கிறவள் நான். பெயர் கோமதி, படிப்பு பி.காம், வயது நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது.

பொங்கல் முடிந்ததும் பிரதாப்புக்கு பெங்களூரில் வேலை கிடைத்தது, போய்விட்டான். பாஸ்கர் சார் என்னைக் கூப்பிட்டார். தெலுங்குக்காரர், தமிழும் பேசுவார். "கோமதிகாரு, ஃபேக்டரி ஆளுங்க எல்லாம் உங்களுக்குத்தான் பழக்கம். சி பிளஸ் பிளஸ் கத்துக்கோங்க. இந்த மாங்கா சீசன் முடியறதுக்குள்ள நீங்களே தனியா பாத்துக்கிட்டா சரி. இல்லன்னா ஹைதராபாத்ல ஒரு கம்பெனி இருக்கு, அவங்ககிட்ட கொடுத்துடுவேன். சப்போர்ட்டும் அவங்களே பாத்துக்குவாங்க" என்றார். அதாவது எனக்கு வேலை இருக்காது. அதை மட்டும் சொல்லாமல் விட்டார், நல்ல மனுஷர்.

என் வீட்டுக்காரருக்கு நகரியில் பவர்லூம். நூல் வந்தால் ஓடும், வராவிட்டால் தறியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மாதம் பிறந்தால் தவறாமல் வீட்டுக்கு வருவது என் சம்பளம் ஒன்றுதான். அதனால் சரி என்று தலையை ஆட்டிவிட்டு, பாத்ரூமுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். பயமாகத்தான் இருந்தது.

தடிமனான புத்தகம்

ஹரிதாவிடம் சி பிளஸ் பிளஸ் புத்தகம் ஒன்று இருந்தது. இரண்டு கையாலும் தூக்க வேண்டும். மேஜையில் மானிட்டருக்கு அடியில் முட்டுக் கொடுத்து வைத்திருந்தாள். அதை உருவிக்கொண்டு வந்தேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்து முடித்த பிறகுதான் கீபோர்டில் கை வைப்பது என்று ஒரு வைராக்கியம். காலேஜில் அப்படிப் படித்துத்தான் பாஸ் பண்ணினேன், வேறு விதமாகப் படிக்கத் தெரியாது.

நகரியில் காலையில் பஸ் ஏறுவேன், ஜன்னல் பக்கம் இடம் பிடிப்பேன், புத்தகத்தை மடியில் விரிப்பேன். புத்தூர் வரைக்கும் ஓரளவு போகும். அதற்கப்புறம் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வடமாலப்பேட்டையில் தலை ஜன்னல் கம்பியில் இடித்து விழித்துக்கொள்வேன். எங்கே விட்டோம் என்று தெரியாமல் அந்தப் பக்கத்தையே மறுபடி ஆரம்பிப்பேன். இப்படியே வெயில் காலம் வந்துவிட்டது. அந்த பஸ்ஸின் கண்டக்டர் என்னைப் போல எத்தனையோ பேரைப் பார்த்தவர். ஒரு நாள் டிக்கெட் கொடுத்துவிட்டுக் குனிந்து புத்தகத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "மேடம், போன வாரமும் இதே பக்கத்துல தான் தூங்கிக்கினு வந்தீங்க. வேற பக்கம் திருப்பிப் பாருங்க, அதுலனா முழிப்பு வருதான்னு பாப்போம்."

அலிபிரிக்கு வழி

புத்தகத்தில் புரியாத அத்தியாயங்களுக்கெல்லாம் பென்சிலால் கோடு போட்டு ஹரிதாவிடம் கொண்டுபோனேன். இன்ஜினியரிங் படித்தவள், கல்யாணம் ஆகாதவள், மேஜையில் எப்போதும் ஒரு நிலக்கடலைப் பொட்டலம் இருக்கும். முதல் கோட்டைப் பார்த்துவிட்டு, "இது எனக்குத் தெரியாதே அக்கா" என்றாள். அடுத்ததைப் பார்த்து, "இது ஒரு தடவை காலேஜ்ல படிச்சேன், மறந்துட்டேன்" என்றாள். மூன்றாவதைப் பார்த்து, "அய்யோ, இப்படியெல்லாம் கூட இருக்குதா?" என்று ஆச்சரியப்பட்டு என்னிடமே கேட்டாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இந்த மொழியில் எழுதித்தான் இவள் என்னைவிட நல்ல சம்பளம் வாங்குகிறாள், இவளுக்கே பாதி தெரியாதாம். கேட்டேவிட்டேன். அவள் கடலையை மென்றுகொண்டே சொன்னாள், இந்த மொழி ரொம்பப் பெரியது, சில வருஷத்துக்கு ஒரு தடவை இன்னும் எதையாவது சேர்த்துக்கொண்டே இருக்கிறார்கள், யாரும் முழுக்கப் படித்துவிட்டு ஆரம்பிப்பதில்லை, இன்றைக்கு என்ன வேலையோ அதற்கு வேண்டியதை மட்டும் படித்தால் போதும் என்று. எண், பெயர், "இப்படி இருந்தால் அப்படிச் செய்", "திரும்பத் திரும்பச் செய்", ஒரு வரிசையில் போட்டு வைக்க ஒரு வழி. இதை வைத்துக்கொண்டே லாட்ஜ் புரோகிராம் முழுக்க ஓட்டுகிறாளாம். இத்தனை வாரம் பஸ்ஸில் தலையை இடித்துக்கொண்டது வீணா என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றேன். அவள் புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்தாள்: "அக்கா, பஸ் ஸ்டாண்டுல இருந்து அலிபிரிக்குப் போறதுக்கு, திருப்பதியில இருக்கிற சந்து பொந்து எல்லாம் மனப்பாடம் பண்ணிட்டா கிளம்புவீங்க?"

அறுந்த இடம்

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஆபீஸ் லேப்டாப்பைத் திறந்து, முதன்முதலாக நானே எழுதினேன். நான்கு வண்டி நம்பரை ஒரு வரிசையில் போட்டுத் திரையில் காட்ட வேண்டும், அவ்வளவுதான். ஓடு என்று பட்டனைத் தட்டியதும் திரை முழுக்கத் திட்டு. நான் எழுதியது பத்து வரி இருக்கும், அது திட்டியதோ மேலே தள்ளிக்கொண்டே போனாலும் தீரவில்லை. இந்த மொழியில் வரிசையைத் தப்பாகத் தொட்டால் இப்படித்தான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும், எனக்கு அன்றைக்குத் தெரியாது. கடைசி வரிதான் கண்ணெதிரில் இருந்தது, அதிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக கூகுளில் போட்டுத் தேடினேன். சோறு ஆறிப்போனது.

வீட்டுக்காரருக்கு அன்றைக்கு நூல் இல்லை, சும்மா இருந்தார். பின்னால் வந்து நின்று வேடிக்கை பார்த்தார். "இன்னா, கடேசியில இருந்து படிக்கிறே?" என்றார். அதுதான் தெரிகிறது என்றேன். "பாவுல ஒரு இழை அறுந்தா கீழ முழம் முழமா கோடு உழுந்துக்கினே போவும். அந்தக் கோட்டையா தடவிக்கினு இருப்பாங்க? மொதல்ல எங்க அறுந்துச்சோ அங்க போ" என்றார். எரிச்சலோடு மேலே தள்ளி முதல் வரியைப் பார்த்தேன். நம்பர் வரிசையில் ஒரு பெயரைப் போட்டிருக்கிறாய் என்று சொல்லியிருந்தது. அந்த ஒன்றைச் சரி செய்ததும் மீதி எல்லாம் காணாமல் போய், நான்கு வண்டியும் திரையில் வந்து நின்றன. சின்னப் பிள்ளை மாதிரி கையைத் தட்டினேன். அவர் ஆறிப்போன சோற்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்: "இதுக்கா உனக்கு மாசம் பொறந்தா சம்பளம் குடுக்கறாங்க? நாளைக்கு நானும் வர்றேன், எனக்கும் ஒரு சேர் போடச் சொல்லு."

பெங்களூருக்கு ஒரு போன்

கொஞ்சம் தைரியம் வந்ததும் பிரதாப் எழுதி வைத்துவிட்டுப் போன புரோகிராமைத் திறந்தேன். டோக்கன் பகுதி சின்னது, முக்கித் தக்கிப் படித்துவிடலாம். எடை போடுகிற பகுதி அப்படி இல்லை. லாரி எடையில் காலி லாரியின் எடையைக் கழித்தால் மாங்காயின் எடை. ஒன்றாம் வகுப்புக் கழித்தல். அதை ஒரு இடத்தில் ஒரு விதமாகவும், இன்னொரு இடத்தில் வேறு விதமாகவும், மூன்றாவது இடத்தில் நான் படித்த எந்த அத்தியாயத்திலும் இல்லாத விதமாகவும் எழுதியிருந்தான். ஹரிதா எட்டிப் பார்த்துவிட்டு, "ஒத்து அக்கா" என்றாள். தெலுங்கில் வேண்டாம் என்று அர்த்தம். எனக்கு இது தலையெழுத்து என்று தோன்றியது, அழுகையும் வந்தது.

பெங்களூருக்குப் போன் போட்டேன். பிரதாப் மரியாதையான பையன், எடுத்தான். ஒரு கழித்தலுக்கு எதற்கப்பா இத்தனை வேஷம், இதில் ஏதாவது பெரிய ரகசியம் இருக்கிறதா என்று கேட்டேன். சிரித்தான்: "ரகசியம் ஒண்ணும் இல்ல அக்கா, நானும் அதுல தான் கத்துக்கிட்டேன். காலையில எந்த சாப்டர் படிச்சேனோ அதை சாயங்காலம் அங்க போட்டுடுவேன்."

போணி வண்டி

எடைப் பகுதியைக் கும்பிட்டுவிட்டு ஒதுங்கினேன். டோக்கன் பகுதியை மட்டும் நானே புதிதாக எழுதினேன். வரிசைக்கு இந்த மொழியில் 'கியூ' என்றே ஒன்று தயாராக இருக்கிறது. பின்னால் சேர்க்கலாம், முன்னால் இருப்பதை எடுக்கலாம், வேறு எதுவும் செய்ய முடியாது. யாரும் நடுவில் புக முடியாது என்பதால் எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. அடுத்த டோக்கனை அழுத்தியதும் நம்பரைத் திரையில் காட்டி, ஒலிபெருக்கியில் தெலுங்கிலும் தமிழிலும் கூப்பிடுகிற மாதிரி செய்தேன். எனக்கே என் மேல் மரியாதை வந்த காலம் அது.

சீசன் ஆரம்பிக்கிற அன்றைக்கு ஃபேக்டரிக்குப் போனேன். கேட்டுக்கு வெளியே தோத்தாபுரி மாங்காய் ஏற்றிய வண்டிகள் ரோட்டோரமாக வளைந்து நின்றன. பூசணிக்காய், தேங்காய், கற்பூரம் எல்லாம் தயார். வண்டிகளை வரிசையாக நிறுத்தி அனுப்புகிற யார்டுக்குப் பொறுப்பு முனிரத்தினம் அண்ணன். வெள்ளைச் சட்டை, கழுத்தில் துண்டு, குரல் மட்டும் வேலூர் வரை கேட்கும். முதல் வண்டியை உள்ளே விடும் நேரத்தில், "பாலசமுத்திரம் சரோஜம்மா வண்டியைக் கூப்டும்மா" என்றார். அது எங்கோ பின்னால் நிற்கிறது என்றேன். ஃபேக்டரி திறந்த முதல் வருஷம் அந்தம்மா டிராக்டர்தான் முதலில் உள்ளே போனதாம், அந்த வருஷம் அமோகமாம். அன்றிலிருந்து போணி அவர்களுடையதுதான். முன்னால் நிற்கிற எந்த டிரைவரும் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். என் புரோகிராமுக்கு மட்டும்தான் தெரியாது.

கியூவில் நடுவில் இருப்பதை எடுக்க வழி இல்லை என்று சொன்னேனே. முன்னால் இருப்பவர்களை ஒவ்வொருவராக எடுத்தால்தான் சரோஜம்மா வருவார். கையில் தேங்காயை வைத்துக்கொண்டு மேனேஜர் நிற்கிறார், கற்பூரம் எரிகிறது, எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். வேறு வழி தோன்றாமல் பட்டனைப் படபடவென்று அழுத்தினேன். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒலிபெருக்கி ஒரு நம்பரை இரண்டு பாஷையில் கூப்பிட்டது. ரோட்டில் ஒவ்வொரு இன்ஜினாக ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. சரோஜம்மா நம்பர் வருவதற்குள் அத்தனை வண்டியும் ஒரே கேட்டில் மூக்கை நுழைத்து நின்றன. பின்னாலும் போக முடியாது, முன்னாலும் வர முடியாது. முனிரத்தினம் அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்: "ஏம்மா, ஒரு வண்டியைக் கூப்டச் சொன்னா ஊரையே கூப்டுக்கினியே."

முனிரத்தினம் சொன்னால்

மேனேஜர் அன்றைக்கே பாஸ்கர் சாருக்குப் போன் போட்டுவிட்டார். சார் என்னைத் திட்டவில்லை. "ஹைதராபாத்துக்கு ஒரு வார்த்தை சொல்லி வெச்சிருக்கேன், சும்மா ஒரு பாதுகாப்புக்கு" என்றார். அதற்குப் பதிலாக அவர் திட்டியே இருக்கலாம். வீட்டுக்காரரிடம் அதைச் சொல்லவில்லை, நூல் கவலையே அவருக்குப் போதும்.

கியூவைத் தூக்கி எறிந்துவிட்டு, நடுவிலிருந்தும் எடுக்கக்கூடிய வேறொரு வரிசையைப் பற்றிப் புத்தகத்தில் அந்தப் பக்கங்களை மட்டும் படித்தேன். பிறகு யார்டுக்குப் போய் முனிரத்தினம் அண்ணன் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, எப்போது எப்போது முறை மாறும் என்று கேட்டேன். "அதெல்லாம் மாறாது, டோக்கன் படி தான்" என்றார். சொல்லி முடிப்பதற்குள், பழுத்து ஒழுக ஆரம்பித்த ஒரு லோடை முன்னால் வரச் சொன்னார். கேட்டதற்கு, பழம் நிற்குமா என்றார். சற்று நேரத்தில் சொந்தத்தில் சாவு என்று ஒரு டிரைவர் கையைக் கட்டிக்கொண்டு வந்தார், அவரையும் விட்டார். இன்னொருவன் துன்னப் போனவன் திரும்பவில்லை, அவன் முறை மச்சானுக்குப் போனது, மச்சான் முறை இவனுக்கு வந்தது. இத்தனைக்குப் பிறகும், "முறை மாறாதும்மா நம்ம யார்டுல" என்று அவர் நம்பிச் சொன்னார்.

ஒவ்வொன்றையும் தனித்தனி விதியாக எழுதிப் பார்த்தேன். எழுத எழுத அடுத்த நாள் புதிதாக ஒன்று முளைத்தது. கடைசியில் அலுத்துப்போய் ஒரே ஒரு பட்டன் வைத்தேன். எந்த நம்பரைத் தட்டி அதை அழுத்தினாலும் அந்த வண்டி முன்னால் வரும், மற்ற எல்லாம் தன் தன் இடத்திலேயே நிற்கும். அந்த புரோகிராம் துண்டுக்குப் பெயர் வைக்க வேண்டுமல்லவா? நடப்பது எதுவோ அதையே வைத்தேன், 'முனிரத்தினம் சொன்னால்' என்று ஆங்கில எழுத்தில். மறுநாள் ஆபீஸில் ஹரிதா படித்துப் பார்த்துவிட்டு நாற்காலியோடு பின்னால் சாய்ந்தாள்: "ரொம்ப நல்லாருக்கு அக்கா, இது அந்த புக்குல எந்த சாப்டர்?"

திருமலையில் போன் எடுக்காது

சீசன் பாதி ஓடியிருக்கும். வரிசை நீண்டு, ஒரு நாள் முழுக்க நின்றும் முறை வராத டிரைவர்கள் சிலர், டோக்கனை ரத்து செய்துவிட்டு வேறு ஃபேக்டரிக்குப் போக ஆரம்பித்தார்கள். அதற்கும் ஒரு பட்டன் வைத்திருந்தேன். அது ஒரு நாள் வேலை செய்தது, ஒரு நாள் வேறு ஏதோ நம்பரைக் காட்டியது. உங்களுக்கு நடந்திருந்தால் நீங்களும் என்னைப் போல ஆஃப் பண்ணி ஆன் பண்ணியிருப்பீர்கள். ஒரு நாள் மத்தியானம் நான் யார்டில் இருக்கும்போதே ஒரு டிரைவர் டோக்கனை நீட்டி, போகிறேன் என்றார். ரத்து பட்டனை அழுத்தியதும் புரோகிராம் செத்தது. மறுபடி ஆன் பண்ணினேன், பாதியில் நின்ற அந்த ரத்தையே தொடரப் போய் மறுபடி செத்தது.

ஹரிதாவுக்குப் போன் போட்டேன். அன்றைக்கு அவள் அக்கா பையனுக்குத் திருமலையில் மொட்டை. குடும்பத்தோடு மேலே போயிருந்தாள். தரிசனத்துக்குப் போகிறவர்கள் போனை வெளியே ஒப்படைத்துவிட வேண்டும், சாமியைப் பார்த்துவிட்டு எப்போது வருவாளோ தெரியாது. வெளியே வெயில், தார்ப்பாய்க்கு அடியில் மாங்காய் வெந்துகொண்டிருந்தது, ஹாரன் சத்தம் ஆரம்பித்தது. மேனேஜர் வந்து, "ஹைதராபாத் ஆளுங்க நம்பர் என்கிட்டயும் இருக்கு மேடம். சாயங்காலம் வரைக்கும் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். முனிரத்தினம் அண்ணன் கேட்டில் ஏறி நின்று, வாயாலேயே நம்பர் கூப்பிட ஆரம்பித்தார்.

லேப்டாப்பைத் திறந்து முதலில் அறுந்த இடத்தைத் தேடினேன். ரத்து செய்கிற துண்டில் வந்து நின்றது. வரிசையின் முதலிலிருந்து ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டே போய், வேண்டியது கிடைத்ததும் அதை நீக்கிவிட்டு, அடுத்ததைப் பார்க்கப் போகிற மாதிரி எழுதியிருந்தேன். பையிலிருந்த புத்தகத்தை எடுத்து, அதன் பின்னால் இருந்த இன்டெக்ஸைப் பிடித்து, நீக்குவது பற்றிய பக்கத்துக்குப் போனேன். அரைப் பக்கம்தான். எந்த இடத்தில் நின்று பார்க்கிறாயோ அந்த இடத்தையே நீக்கிவிட்டால், அடுத்த அடி எங்கே வைப்பது என்று அதற்குத் தெரியாது, சில சமயம் தப்பிக்கும், சில சமயம் விழும் என்று இருந்தது. நீக்கும்போதே அடுத்த இடம் எது என்று அது கையில் கொடுக்குமாம், அதை வாங்கிக்கொண்டு அங்கிருந்து நடக்க வேண்டுமாம். ஒரு வரி மாற்றம். நாலைந்து தடவை ரத்து செய்து பார்த்தேன், சாகவில்லை. எத்தனையோ வாரம் தூங்கிக்கொண்டே புரட்டிய புத்தகத்தில், முழுக்க விழித்துக்கொண்டு படித்தது அந்த அரைப் பக்கம்தான். திரையில் நம்பர் மறுபடி வந்தபோது சொல்வதற்குத்தான் யாரும் இல்லை.

டிரைவரைத் தேடிக்கொண்டு ஓடினேன். வண்டி நிழலில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். உங்கள் டோக்கனை ரத்து செய்துவிட்டேன், நீங்கள் போகலாம் என்றேன் பெருமையாக. அவர் ரோட்டைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார், அதற்குள் அவருக்கு முன்னால் இருந்த வண்டிகள் நிறைய உள்ளே போயிருந்தன. மோரை வாயில் ஊற்றிக்கொண்டு எழுந்தார்: "இம்மாம் நேரம் நின்னாச்சு, இனிமே எங்க போறது? என்னைப் பழைய எடத்துலயே சேத்துடு தாயீ."

ஹைதராபாத்காரர்

சீசன் முடிந்தது. பாஸ்கர் சார் சொன்ன வார்த்தையை வைத்து ஹைதராபாத் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். சின்ன வயது, நல்ல படிப்பு, ரொம்ப மரியாதை. புரோகிராமை எடுத்துக்கொள்ள முடியுமா என்று பார்க்க வந்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஹரிதா அன்றைக்குக் கடலைப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

என் டோக்கன் பகுதியை மேலிருந்து கீழே ஒரு முறை உருட்டினார். 'முனிரத்தினம் சொன்னால்' வந்தபோது நின்று, அது யார் என்று கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு பாஸ்கர் சாரிடம் தெலுங்கில் சொன்னார், இது புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் எழுதுகிற மாதிரி இருக்கிறது, மொழியில் இருக்கிற வசதி எதையும் உபயோகிக்கவில்லை, தனக்கு இதைப் படிக்க ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை என்று. தெலுங்கு எனக்குப் புரியாது என்று நினைத்தாரோ என்னவோ. காது சூடாகிவிட்டது. நகரி பஸ்ஸில் இனிமேல் காலையில் ஏற வேண்டியதில்லை என்பதும், அதை வீட்டில் எப்படிச் சொல்வது என்பதும் ஒரே நேரத்தில் மனதில் ஓடின.

பாஸ்கர் சார் அவசரப்படவில்லை. எடைப் பகுதியையும் பாருங்கள் என்றார். வந்தவர் திறந்தார். கொஞ்ச நேரத்தில் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டீ வந்து ஆறியது. இதை எழுதியவர் பெரிய ஆள் சார், ஆனால் புரிந்துகொள்ள ரெண்டு மூணு மாசம் ஆகும், அதற்குத் தனியாகக் கணக்குப் போட வேண்டும் என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சார் பேனாவை மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு என் பக்கம் திரும்பினார்: "கோமதிகாரு, இந்த எடை பாகத்தையும் உங்க மாதிரியே எழுதிடுங்க. நாளைக்கு யார் போனாலும், வந்து படிக்கிறவனுக்குப் புரியணும். அடுத்த சீசனும் நீங்கதான் பாக்கறீங்க."

அரைகுறையாகத் தெரிந்தவள் எழுதியது எல்லோருக்கும் புரிகிறது என்பதால் என் வேலை தப்பியது, சகோதர சகோதரிகளே, இனி எனக்கு இருக்கிற ஒரே பயம், இந்த மொழியை எங்கே நன்றாகக் கற்றுக்கொண்டு விடுவேனோ என்பதுதான்.